நான்காவது திருத்தத்தில் வந்த நாய்

என் தம்பிக்கு நாய்கள் மேல் இவ்வளவு இரக்கம் உண்டு என்பது எனக்கு நாற்பத்தொரு வயதில்தான் தெரியவந்தது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கதையை நான் நான்கு தடவை எழுத வேண்டியிருந்தது.

கதை என்றால் வாசிக்கிற கதை இல்லை, விளையாடுகிற கதை. மேசையைச் சுற்றி மூன்று நான்கு பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்ற ஒவ்வொருவரும் அந்தக் கதைக்குள் ஓர் ஆளாக இருப்பார்கள்: ஒருவன் வாள்வீரன், ஒருத்தி மந்திரக்காரி, ஒருவன் திருடன். 'காட்டுப் பாதையில் நிற்கிறீர்கள், எதிரே ஒரு தொங்குபாலம், என்ன செய்கிறீர்கள்?' என்று நடத்துபவர் கேட்பார். அவரவர் தான் செய்வதைச் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இருபது முகமுள்ள ஒரு பகடையை உருட்டித் தீர்த்துக்கொள்வார்கள்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும். பலகை கிடையாது, காய் கிடையாது. பேச்சும் எழுதிவைக்க ஒரு கொப்பியும் அந்தப் பகடையும் போதும்.

இதை நான் படித்தது வளைகுடாவில், வீட்டு வேலைக்குப் போன இடத்தில். அந்த வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர். வெள்ளிக்கிழமைகளில் அவர்களுடைய மாமா மகனும் வந்து நால்வராக விளையாடுவார்கள். அவன் வராத நாட்களில் ஆள் குறைகிறது என்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். முதலில் அவனுக்காகப் பகடை உருட்டினேன். பிறகு எனக்கென்றே ஒரு வில்லாளியைத் தந்தார்கள். எனக்கு இங்கிலீஷ் வந்தது அப்படித்தான். மேசையில் இருக்கும்வரை நான் ராட்சதனைக் கொன்றவள். எழுந்துவிட்டால் அவர்கள் தின்ற தட்டைக் கழுவுகிறவள். பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுடைய தாயைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஏழு வருடம் அங்கே இருந்தேன். திரும்பும்போது இடது மணிக்கட்டு கோணிப்போயிருந்தது. கதவிடுக்கில் அகப்பட்ட கை. கட்டுப் போட்டவர்களும் ஒழுங்காகப் போடவில்லை. இன்றைக்கும் அந்தக் கையால் ஒரு போத்தல் மூடியைத் திறக்க முடியாது. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குத் தம்பி வேன் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். பெட்டியை வாங்க நீட்டிய அவன் கை என் மணிக்கட்டில் பட்டது. குனிந்து பார்த்தான்.

"எல்லாம் சொகந்தானேக்கா?" என்றான்.

"சொகம்" என்றேன்.

அதற்குப் பிறகு மாத்தளை வந்து சேரும்வரை புதுவீட்டுக்கு ஓடு போட்டதா ஷீட் போட்டதா, மேசன் எப்படி ஏமாற்றப் பார்த்தான், மழை பெய்தால் எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று பேசிக்கொண்டே வந்தான். நான் அங்கே இருந்த காலத்தில் எழும்பிய வீடு அது. வந்து ஆறு வருடமாகிறது. அந்தக் கதவைச் சாத்தியது யார் என்று அவன் கேட்கவில்லை.

நீயே சொல்லலாமே என்பீர்கள். சொல்லலாந்தான். எனக்கு வாய் இல்லாமல் இல்லை. எங்கள் ரோட்டில் வரும் மீன்காரரைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் கேட்காத ஆளிடம் போய் நின்று சொன்னால் அதற்குப் பெயர் முறைப்பாடு. அவன் கேட்க வேண்டும். ஒரே ஒரு தடவை, 'அக்கா, கைக்கு என்ன நடந்தது?' என்று. எனக்கு அது வேண்டியிருந்தது. அவனிடமிருந்து வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

தம்பி ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறான். அவன் கம்பஸுக்குப் படிக்கப் போன வருடத்தில்தான் நான் விமானம் ஏறினேன். அவன் மனைவிக்குக் கந்தோரில் ஃபைல் பார்க்கிற வேலை. இரண்டு பேரும் காலையில் புறப்பட்டுவிட்டால் வீடு என் தலையில். சமையல், துணி, வாசல் கூட்டுவது எல்லாம். வேலை செய் என்று ஒருநாளும் எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வந்ததில்லை. குசினியை ஒட்டிய அறை என்னுடையது.

கரண்ட் வெட்டு இருந்த நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டிவியும் இல்லாமல் போனில் சார்ஜும் இல்லாமல் இருவரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டியைத் திறந்து பகடையை எடுத்துவந்தேன். அந்த வீட்டிலிருந்து சொல்லாமல் எடுத்துவந்த ஒரே பொருள் அது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. விளையாட்டு அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. தம்பியின் சிநேகிதர் ஒருவரும் வந்து சேர்ந்துகொண்டார். டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் முஸ்லிம் வியாபாரி. தம்பி அவரை நானா என்பான், அவர் என்னை அக்கா என்பார். ஞாயிறு மத்தியானம் என்றால் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு வாள்வீரன், ஒரு மந்திரக்காரி, ஒரு திருடன். வீரன் தம்பி. மந்திரக்காரி அவன் மனைவி; அவளுக்கு மிருகங்களுடைய பாஷை தெரியும் என்று முதல்நாளே எழுதிவைத்தாள், பிறகு அதை மறந்துவிட்டாள். திருடன் நானா. ஐந்து வேளை தொழுகிற மனுஷன், திருடனாகத்தான் இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

கண்டியில் சிலர் மாதம் ஒருமுறை கூடி இப்படி விளையாடுகிறார்கள், சொந்தக் கதை எழுதியவர்களைக் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று செய்தி கொண்டுவந்தவரும் அவர்தான். "அக்கா, நீங்க எழுதுங்க. நாங்க ஆடிப் பாத்துச் சொல்றோம்" என்றார். சரி என்று உட்கார்ந்தேன்.

சோறு வேகும் நேரத்தில் எழுதிய கதை அது. ஒரு மலை. அதன் மூடுபனியைப் பிடித்துத் தன் மாளிகையின் நிலவறையில் பூட்டிவைத்திருக்கிறான் ஒரு பிரபு. பனி இல்லாமல் மலையெல்லாம் கருகுகிறது. மூன்று பேர் போய் அதை விடுவிக்க வேண்டும். ரிவர்ஸ்டன் பக்கம் பனி இறங்கி ரோட்டை மூடுவதைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தெரியும். மாளிகையின் முன்வாசலுக்கு இரண்டு கல்லுப் புலிகளைக் காவல் வைத்தேன். விடுகதை போடும் புலிகள். அந்த விடுகதைகளை யோசிக்க மட்டும் இரண்டு கிழமை போயிற்று. நிலவறைக்குப் போகும் வழி குசினியில், அடுப்புக்கு அடியில் இருக்கிறது. அது ஒருத்திக்கு மட்டும் தெரியும்: அந்த அடுப்பில் சமைக்கிற பெண்ணுக்கு.

அவள் தானாகப் பேச மாட்டாள். கேட்டால் பேசுவாள். ஒரு கேள்வி போதும், எந்தக் கேள்வியானாலும் சரி. 'கையில என்ன கட்டு?' என்றாலும் சரி, 'எத்தனை நாளா இங்க இருக்க?' என்றாலும் சரி. கேட்டவர்களுக்கு அவள் வழியைக் காட்டுவாள். சுலபமாக இருந்துவிடக்கூடாது என்றுதான் அவளை வீட்டின் கடைசி மூலையில் வைத்தேன். முன்வாசல், கூடம், மாடி எல்லாம் தாண்டி அவளிடம் வந்து சேர நாலு மணித்தியாலம் எடுக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

முதல் ஆட்டம். மூவரும் மலையேறி மாளிகைக்கு வந்துவிட்டார்கள்.

"முன்னால பெரிய கேட்டு. ரெண்டு பக்கமும் கல்லுப் புலி. என்ன செய்றீங்க?" என்றேன்.

"பின்னால போற பாதை எங்கக்கா?" என்றான் தம்பி.

"ஏன்?"

"ஏனா? பங்களாவுக்கு யாரு முன்னால போவாங்க?"

"குசினிப் பக்கமாப் போவோம் மதினி. அங்க யாராச்சும் இருப்பாங்க" என்றாள் அவன் மனைவி. அவளும் எங்களைப் போல, ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள்தான்.

நானாவாவது முன்னால் போவார் என்று பார்த்தேன். "நானும் பின்னாலதான் அக்கா. தோட்டத்துல கராம்பு நிறுக்கப் போனா தராசு வைக்கிறது குசினி முத்தத்துலதானே" என்றார்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். ஒருவனிடம் மந்திர வாள், ஒருத்தியால் நெருப்பை வீச முடியும், இன்னொருவன் எந்தப் பூட்டையும் திறப்பான். மூன்று பேரும் புலி இருக்கிறதா பூனை இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் பின்பக்கம் போகிறார்கள். எல்கடுவயில் நாங்கள் இருந்த தோட்டத்தில் ஒரு கடிதத்துக்குக் கையெழுத்து வேண்டுமென்றால் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துத் துரையின் பங்களாக் குசினிப் படிக்குப் போவார். தோளில் கிடக்கும் துவாய் அங்கே போனதும் கைக்கு வந்துவிடும். வெள்ளைக் கல் பரப்பிய முன்பாதையில் நாங்கள் யாரும் கால் வைத்ததில்லை. வைக்காதே என்று ஒரு போர்டும் அங்கே இருக்கவில்லை. இந்த விளையாட்டைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரன் எவனுக்கும் இது தோன்றியிருக்காது. எழுதுகிற நேரத்தில் எனக்கும் அது தோன்றவில்லை. ஏழு வருடம் இன்னொருவர் வீட்டின் உள்ளே இருந்ததில் நான் மறந்துபோயிருந்தேன். இரண்டு கிழமை யோசித்த விடுகதைகள் வீணாய்ப் போயின.

போனால் போகட்டும். அவர்கள் நேராக அவளிடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

"குசினிக்குள்ள வந்துட்டீங்க. அடுப்புக்கிட்ட ஒரு பொம்பள நிக்கிறா. இடது கையில துணி சுத்தியிருக்கு. உங்களப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம நிக்கிறா."

"சரி" என்றான் தம்பி. "அவகிட்ட ஆளுக்கொரு பிளேன்டீ கேக்கிறோம்."

"குடுக்கிறா."

"குடிச்சிட்டு உள்ள போறோம்."

போய்விட்டார்கள். மாடியில் எல்லா அறைகளையும் திறந்தார்கள். சுவரைத் தட்டினார்கள், தரையைக் கோடாரியால் கொத்தினார்கள், பிரபுவின் கட்டிலைப் புரட்டினார்கள். நாலு மணியளவில் தம்பி சோம்பல் முறித்து, "அக்கா, டீ ஊத்துறியா?" என்றான். இது கதைக்கு வெளியே. எழுந்து போய் ஊற்றிக்கொண்டு வந்தேன். ஐந்து மணிக்கு மூவரும் தோற்று எழுந்தார்கள்.

"கதையில வழியே இல்லக்கா. துப்பு ஒண்ணு வேணாமா?" என்றான்.

"இருந்துச்சு."

"எங்க?"

நான் சொல்லவில்லை. வளைகுடா வீட்டு மூத்த பெண் எனக்குச் சொல்லித்தந்த விதி அது: ஆடிப் பார்க்கிறவர்களிடம் வாயால் விளக்கம் கொடுக்காதே. கொப்பியில் இல்லாதது கதையில் இல்லை. அவர்களுக்குப் புரியவில்லை என்றால் திருத்தி எழுது.

திருத்தி எழுதினேன். அந்தப் பெண்ணைச் சுட்டிக்காட்ட மூன்று துப்புகள் வைத்தேன். ஒன்று, அந்த அடுப்பின் புகை மேலே போகாமல் கீழே இறங்கும். இரண்டு, நிலவறை என்ற பேச்சை எடுத்தால் அவள் கையிலிருக்கும் சட்டி விழும். மூன்றாவது, மாடியில் ஒரு கடிதம்: 'தீ மூட்டுகிறவளுக்கே வழி தெரியும்.' இதற்கு மேல் என்ன வேண்டும்? அவளுடைய கையின் கட்டில் இரத்தமும் ஊறவைத்தேன்.

இரண்டாவது ஆட்டத்திலும் குசினி வழியாகவே வந்தார்கள், பிளேன்டீ குடித்தார்கள். நிலவறை எங்கே இருக்கலாம் என்று அங்கேயே நின்று பேசினார்கள். சட்டி விழுந்தது. "கொஞ்சம் பாத்து வேல செய்யச் சொல்லுங்க" என்றான் தம்பி. கடிதம் கிடைத்தபோது எனக்கு மறுபடியும் நம்பிக்கை வந்தது. மூன்று பேரும் அதன் மேல் கவிழ்ந்து அரை மணித்தியாலம் ஆராய்ச்சி செய்தார்கள். தீ மூட்டுகிறவள் ஒரு தேவதை என்றாள் தம்பி மனைவி. இல்லை, நெருப்பு ஜின்னாக இருக்கும் என்றார் நானா. கோபுரத்து உச்சியில் ஒரு சூனியக்காரி இருக்கிறாள் என்று தம்பி முடிவு கட்டினான். கோபுரமே நான் எழுதியிருக்கவில்லை. தேடித் தேடிக் களைத்துப்போய்ச் சாப்பிடக் கீழே வந்தார்கள். அவள் பரிமாறினாள். கையின் கட்டைப் பற்றி, இரத்தம் துணிக்கு மேலே வந்துவிட்டதைப் பற்றி, நான் ஆறுதலாக, ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"சீ, அந்தக் கையோடயா சமைச்சா?" என்றாள் தம்பி மனைவி.

அன்றைக்கு இரவுச் சமையலில் உப்புக் கூடிவிட்டது. வேண்டுமென்று போட்டேன்.

உண்மையைச் சொன்னால், இந்தக் கட்டத்தில் எனக்குக் கண்டியும் இல்லை, கதையும் இல்லை. ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. இந்த மூன்று பேரையும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவைக்காமல் விடுவதில்லை என்று நினைத்தேன். மூன்று பேரையும் என்று சும்மா சொல்கிறேன், அவனை. மூன்றாம் தடவை எழுதும்போது நிலவறைச் சாவியையே அவள் கழுத்தில் தொங்கவிட்டேன். கண்ணுக்கு எதிரே ஒரு பெரிய இரும்புச் சாவி. அவளே பேச ஆரம்பிக்கட்டும் என்று ஒரு வரி எழுதியும் பார்த்தேன். பிறகு வெட்டிவிட்டேன். அதை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

மூன்றாம் ஆட்டத்தில் சாவியை உடனே பார்த்துவிட்டான்.

"புடுங்குறேன்" என்றான்.

"என்னது?"

"அவளத் தள்ளிவிட்டுட்டுச் சாவியப் புடுங்குறேன்." பகடையை உருட்டினான். பதினெட்டு விழுந்தது. அவ்வளவு பெரிய எண் அவனுக்கு அந்த மாதம் முழுக்க விழுந்திருக்கவில்லை.

கதை நடத்துபவளுக்கு இங்கே ஓர் உரிமை இருக்கிறது. அவள் ஓரமாக விழுந்தாள் என்று சொல்லியிருக்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. "விழுந்துட்டா. தல அடுப்புக்கல்லுல பட்டுச்சு. செத்துட்டா" என்றேன். அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கவேண்டும் போல் இருந்தது. ஆகவே அவளைக் கொன்றதில் எனக்கும் பங்கு உண்டு.

"சாவி கெடச்சுச்சா?" என்றான்.

கொப்பியை மூடினேன். "செத்தது யாருன்னு கேக்க மாட்டியா?"

"யாரு?"

"அவதான். ஒனக்கு மூணு ஞாயித்துக்கெழம டீ ஊத்திக் குடுத்தவ."

"அக்கா, இது வெளையாட்டு. அவ சும்மா ஒரு வேலைக்காரி." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கதையில" என்று சேர்த்துக்கொண்டான்.

நான் என்னவெல்லாம் கத்தினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. கத்தியது முழுக்கக் கதையைப் பற்றி. ஆட்டம் தெரியாது, மூளை இல்லை, கண் இல்லை, கணக்கு வாத்தியாருக்குக் கழிக்க மட்டுந்தான் தெரியும் என்றெல்லாம். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று நானா எழுந்து போனார். அன்று அந்தியில் நான் குசினிக்குள் காலெடுத்து வைக்கவில்லை. கடையில் பாணும் பருப்புக்கறியும் வாங்கித் தின்றார்கள். எனக்கும் ஒரு பங்கைத் தட்டில் போட்டு மூடிவைத்திருந்தார்கள்.

இரண்டு ஞாயிறு ஆட்டம் இல்லை. மூன்றாவது கிழமை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அந்த எரிச்சலான யோசனை வந்தது. கையைக் கழுவிவிட்டுக் கொப்பியை எடுத்தேன். அந்தப் பெண்ணைக் கதையிலிருந்து தூக்கினேன். அவள் நின்ற இடத்தில், அதே அடுப்புக்கு அருகில், ஒரு நாயைக் கட்டிப்போட்டேன். வேறு எதையும் தொடவில்லை. துப்புகள் மூன்றையும் கழுத்துச் சாவியையும் வேண்டாம் என்று எடுத்துவிட்டேன், அவ்வளவுதான். அதே கட்டு, அதே மௌனம். அவர்களைக் குத்திக்காட்டத்தான் செய்தேன். நாயையும் மிதித்துக்கொண்டு போவார்கள், அப்போது முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம் என்று இருந்தேன்.

நானாவுக்கு ஆள் அனுப்பி அடுத்த ஞாயிறு மூவரையும் உட்காரவைத்தேன். மலை, மாளிகை, பின்பாதை. குசினி.

"அடுப்புக்கிட்ட ஒரு நாய் கட்டிக் கெடக்கு. முன்னங்காலுல துணி சுத்தியிருக்கு. உங்களப் பாத்துட்டு ஒண்ணும் கொலைக்காம நிக்குது."

"ஐயோ" என்றாள் தம்பி மனைவி.

தம்பி கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "காலுல என்ன?"

நான் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒன்னத்தான். காலுல என்ன அதுக்கு?"

"அதுகிட்டயே கேளு" என்றேன்.

"எனக்கு மிருக பாஷை தெரியுமே!" என்றாள் அவன் மனைவி. கொப்பியைப் புரட்டித் தான் எழுதிவைத்திருந்த வரியைக் காட்டினாள். அப்புறம் மூன்று பேரும் அடுப்படியில் அந்த நாயைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். மலை கருகுவதையும் பனியையும் மறந்தே போனார்கள். அவர்கள் கேட்டார்கள், நாய்க்காக நான் பதில் சொன்னேன்.

"எத்தன நாளா இங்க இருக்க?" என்று கேட்டாள் அவள்.

"ஏழு வருசம்."

"சாப்பாடு தருவாங்களா?" இது நானா.

"அவங்க தின்னு மிஞ்சினது."

"எங்க படுப்ப?"

"சாமான் அறையில. வெளியில பூட்டிருவாங்க."

"யா அல்லா" என்றார் நானா.

"காலு எப்பிடி ஒடஞ்சுச்சு?" என்றான் தம்பி.

"கதவுல மாட்டிக்கிச்சு."

"காத்துக்குச் சாத்திக்கிச்சா?"

"இல்ல. சாத்தினாங்க."

"யாரு?"

"வீட்டுக்காரி."

"காலு இருக்கிறது தெரியாமயா?"

"பாத்துக்கிட்டேதான் சாத்தினாங்க."

"ஏன்?" என்றான்.

"ஒரு கோப்ப ஒடஞ்சுபோச்சு. கழுவும்போது."

அவன் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை, பின்கையால் துடைத்துக்கொண்டான். "அவள மட்டும் கண்டேன்னா வெட்டிருவேன்" என்றான். ஆறு வருடமாக நான் காத்திருந்த கேள்வி. யார் என்று கேட்டான், தெரிந்தா என்று கேட்டான், ஏன் என்றுகூடக் கேட்டான். நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்ததைவிட நன்றாகவே கேட்டான். நாயிடம் கேட்டான். எனக்கு அப்போது வந்தது அழுகை இல்லை, ஓங்கி ஓர் அறை விடவேண்டும் போன்ற ஆத்திரம். இடது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

கையை நான் எடுத்ததைத் தம்பி மனைவி பார்த்துவிட்டாள். கை இருந்த இடத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போயிற்று. பிறகு குனிந்து பகடையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

மிச்சக் கதை ஓடும் வண்டியாக ஓடிற்று. சங்கிலியை அறுத்தார்கள், நாய் அடுப்புக்கு அடியிலிருந்த வழியைக் காட்டியது, பனி வெளியே வந்தது, மலை பச்சையானது. நானா கைதட்டினார். "இதுதாங்க்கா சரியான கதை" என்றான் தம்பி. "அந்தப் பொம்பளயத் தூக்கினது நல்ல வேல. அவளால கதைக்கு ஒரு பிரயோசனமும் இல்ல."

"முடிஞ்சுதா? எழும்பவா?" என்றேன்.

"இரு. நாய என்ன செய்றது? விட்டுட்டா போறது?" என்று அவன் மற்ற இருவரையும் பார்த்தான். பிறகு என்னிடம், நாயிடம், திரும்பினான். "எங்க வீட்டுக்கு வந்துரு. ஒன்ன யாரும் கட்டிப்போட மாட்டாங்க. சோறு போடுவோம். குசினிக்குப் பக்கத்துல ஒரு எடம் ஒதுக்கித் தாரோம், சும்மா படுத்துக் கெட."

மனதாரச் சொன்னான். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"நாய் என்னக்கா சொல்லுது?"

"யோசிக்குது" என்றேன்.

மறுநாள் குசினித் தட்டில் இருந்த ஊறுகாய்ப் போத்தலின் மூடி தளர்த்தி வைக்கப்பட்டிருந்தது. ஜேம் போத்தலும் அப்படியே. அன்றிலிருந்து எந்தப் போத்தலும் எனக்கு இறுக்கமாக இருப்பதில்லை. ஆனால் தம்பி மனைவியும் கேட்கவில்லை.

கொப்பி இன்னும் கண்டிக்குப் போகவில்லை. நாயின் பதிலை நான் எழுதாததால் கடைசிப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. தம்பிக்கு அது ஒரு பகிடி ஆகிவிட்டது. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது வாசலில் நின்று, "நாய் முடிவெடுத்துருச்சாக்கா?" என்பான். இன்னும் இல்லை என்று சொல்லிச் சோற்றுப் பார்சலை நீட்டுவேன். இப்போதெல்லாம் இடது கையால்தான் நீட்டுகிறேன். இடது கையால் கொடுக்காதே என்று சின்ன வயதில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். வாங்கிக்கொண்டு போகிறான்.